சொட்டு மருந்து பலித்ததா? சிசுவின் போலியோ எதிர்ப்பாற்றலை அளக்கத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

போலியோ சொட்டு மருந்தை முறைப்படி பெற்ற ஒரு சிசுவின் ரத்தத்தில் போலியோவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதாக ஆய்வகம் எழுதிக் கொடுத்துவிட்டால், மருந்து பலித்துவிட்டது என்று முடிவு கட்டத் தோன்றும். இந்த வேலைக்குப் புதிதாக வருவோர் முதலில் விட வேண்டியது அந்த அவசரத்தைத்தான். ஆன்டிபாடி என்று பரவலாக அழைக்கப்படும் அந்த எதிர்ப்பொருளைக் குழந்தை தானே உண்டாக்கியிருக்கலாம். கருவில் இருந்தபோது தாய் கட்டிக் கொடுத்தனுப்பிய கட்டுச்சோறாகவும் அது இருக்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தை மலத்தில் வெளியேற்றிய மருந்து வைரஸ் தொற்றியதாலும் வந்திருக்கலாம். இந்த மூன்றையும் எந்தச் சோதனைக் கருவியும் தனித்தனியாகக் காட்டாது. எந்தக் குழந்தையிடம், எந்த நாளில், எத்தனை முறை ரத்தம் எடுக்கிறோம் என்ற திட்டமே அவற்றைப் பிரித்துக் காட்டும். ஆகவே இந்த வழிகாட்டி ஆய்வகத்தைவிட நாட்காட்டியைப் பற்றியே அதிகம் பேசும்.

எதை அளக்கிறோம் என்பதை முதலில் எழுதி வையுங்கள்

போலியோ வைரஸில் 1, 2, 3 என மூன்று வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிராகக் கிடைத்த பாதுகாப்பு மற்றொன்றை நம்பத்தகுந்த அளவில் தடுப்பதில்லை என்பதால், "போலியோ எதிர்ப்பாற்றல்" என்று ஒரே எண்ணாகச் சொல்வதற்கு எதுவும் இல்லை; ஒவ்வொரு குழந்தைக்கும் வகைக்கு ஒன்றாகத் தனித்தனி முடிவுகள் தேவை. 2016 ஏப்ரல் வரை வழக்கமான சொட்டு மருந்தில் மூன்று வகைகளும் இருந்தன. இயற்கையான 2-ஆம் வகை வைரஸால் ஏற்பட்ட கடைசிப் பாதிப்பு 1999-இல் பதிவாகி, 2015-இல் அவ்வகை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பிறகு, உலக நாடுகள் 1, 3 ஆகிய வகைகள் மட்டுமே கொண்ட இருவகை மருந்துக்கு ஒரே சமயத்தில் மாறின. 3-ஆம் வகையும் 2019-இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது; ஆயினும் அது மருந்தில் தொடர்கிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விளைவு பிறக்கிறது. இன்றைய வழக்கமான சொட்டு மருந்தை மட்டும் பெற்ற குழந்தையிடம் 2-ஆம் வகைக்கு எதிர்ப்பொருள் காணப்பட்டால், அது பெரும்பாலும் இந்த மருந்தால் வந்ததாக இருக்காது. பெரும்பாலான நாடுகளின் அட்டவணையில் செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்ட போலியோ ஊசியும் இப்போது சேர்ந்திருக்கிறது. அது மூன்று வகைகளுக்கும் ரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கும். எனவே ஊசியும் சொட்டும் கலந்து பெற்ற குழந்தைகளை அளந்துவிட்டு, வந்த எண்ணைச் சொட்டு மருந்தின் கணக்கில் எழுதுவது தவறு. சொட்டு மருந்தின் பங்கை மட்டும் அறிய வேண்டுமானால், ஊசி போடும் நாளுக்கு முன்பே ரத்தம் எடுக்கும்படி திட்டமிட வேண்டும். அது இயலாவிட்டால் "அட்டவணை முழுவதன் விளைவு" என்று நேர்மையாகத் தலைப்பிட வேண்டும்.

அடுத்து, பாதுகாப்பு இருக்கும் இடம். ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் வைரஸ் நரம்பு மண்டலத்தை அடையாமல் தடுத்துக் குழந்தையை வாதத்திலிருந்து காக்கிறது. குடலின் எதிர்ப்பாற்றலோ வைரஸ் அங்கே பெருகி மலத்தில் வெளியேறி அடுத்தவருக்குப் பரவுவதைக் குறைக்கிறது. சொட்டு மருந்தின் தனிச்சிறப்பு இரண்டாவதில்தான் இருக்கிறது. ரத்தத்தை மட்டும் அளந்துவிட்டு ஊரில் பரவல் தடைபடும் என்று எழுதுவோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு முறை ரத்தமா, இரு முறையா?

ஒரே முறை ரத்தம் எடுத்து, எத்தனை விழுக்காடு குழந்தைகளிடம் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பார்ப்பது ஒரு வகை ஆய்வு. மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்து, எத்தனை பேரிடம் மருந்தால் மாற்றம் நேர்ந்தது என்று பார்ப்பது மற்றொரு வகை. பின்னதைச் சீரமாற்றம் என்று சொல்லலாம். மருந்து எவ்வளவு பலித்தது என்ற கேள்விக்கு நேரடியாக விடை சொல்வது சீரமாற்றமே.

ஒரே முறைதான் எடுக்க முடியும் என்ற நிலையில், வயதைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் உள்ளது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் ஏறத்தாழ 28 நாட்களுக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது என்று கணக்கில் கொள்வது வழக்கம். பிறக்கும்போது 1:1024 என்ற உயர்ந்த அளவில், அதாவது 1024 மடங்கு நீர்த்தாலும் வைரஸை முடக்கும் அளவில், அதைப் பெற்ற குழந்தையிடம்கூட, 6 மாதத்தில் அது ஏறக்குறைய 90 மடங்கு குறைந்து 1:11 அளவில் நிற்கும். 9 மாதத்திலோ சோதனையால் கண்டறிய முடியாத அளவுக்குக் கீழே போய்விடும். ஆகவே 9 மாதம் தாண்டிய குழந்தையிடம் காணப்படும் எதிர்ப்பொருள் தாயுடையதல்ல என்று துணிந்து சொல்லலாம். 4 மாதக் குழந்தையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் 9 மாதம் காத்திருக்கும்போது வேறொரு சிக்கல் நுழைகிறது. இடையில் நடக்கும் சிறப்பு முகாம்களில் அந்தக் குழந்தை கூடுதல் சொட்டுகளைப் பெற்றிருக்கும். அப்போது நீங்கள் அளப்பது வழக்கமான அட்டவணையையும் முகாம்களையும் சேர்த்தே.

இரு முறை எடுப்பதானால், முதல் ரத்தம் எப்போது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். உலக அளவில் பரவலாக உள்ள அட்டவணையில் 6, 10, 14 வாரங்களில் சொட்டு மருந்து தரப்படுகிறது. பல நாடுகளில் பிறந்தவுடன் ஒரு தவணையும் உண்டு. பிறப்புத் தவணை இல்லாத இடத்தில், 6-ஆம் வாரத்தில் முதல் சொட்டுக்குச் சற்று முன் எடுத்த ரத்தம் தாயின் பங்கை மட்டும் காட்டும். பிறப்புத் தவணை உள்ள இடத்தில் அதே 6-ஆம் வார ரத்தத்தில் முதல் தவணையின் விளைவும் கலந்துவிடும். அதைத் தொடக்க அளவாகக் கொண்டால் மருந்தின் பலனில் ஒரு பகுதியைத் தாயின் கணக்கில் எழுதியவர்கள் ஆவோம். அங்கெல்லாம் தொப்புள்கொடி ரத்தமே சரியான தொடக்கம். குழந்தையை ஊசியால் குத்தத் தேவையில்லை என்பது அதில் கூடுதல் வசதி.

இரண்டாம் ரத்தத்தைக் கடைசித் தவணைக்கு 28 நாட்கள் கழித்து எடுப்பது வழக்கம். 14-ஆம் வாரத்தில் கடைசிச் சொட்டு என்றால் 18-ஆம் வாரத்தில் ரத்தம். குடும்பங்கள் குறித்த நாளில் வருவதில்லை என்பதால் முன்பின் சில நாட்கள் இடைவெளியை முன்கூட்டியே அனுமதித்து எழுதி வையுங்கள். முடிவுகளைப் பார்த்த பிறகு அந்த எல்லையை நகர்த்தக் கூடாது.

எத்தனை குழந்தைகள்?

சீரமாற்றம் சுமார் 80 விழுக்காடு இருக்கும் என்று எதிர்பார்த்து, உண்மை விகிதம் முன்பின் 5 விழுக்காட்டுக்குள் அமைய 95 விழுக்காடு நம்பிக்கை வேண்டுமென்றால் 246 குழந்தைகளின் முழுமையான இரட்டை மாதிரிகள் தேவை. இரண்டாம் ரத்தத்துக்கு ஐந்தில் ஒருவர் வரமாட்டார் என்று கொண்டால் 308 பேரைச் சேர்க்க வேண்டும். குழந்தைகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்காமல் சில ஊர்களைத் தேர்ந்து, அங்குள்ளவர்களைக் கொத்தாகச் சேர்த்தால் இந்த எண்ணிக்கை மேலும் பெருகும். ஒரே ஊரின் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதே காரணம். அந்தக் கணக்கைப் புள்ளியியல் அறிந்தவரிடம் ஒப்படைப்பது நல்லது.

மருந்தையும் விசாரியுங்கள்

எதிர்ப்பாற்றல் குறைவாக வந்தால் குழந்தையின் குடலைக் குறை சொல்வதற்கு முன், குப்பியின் வரலாறு கையில் இருக்க வேண்டும். சொட்டு மருந்தில் உள்ளது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். வெப்பம் அதைக் கொன்றுவிடும். வழக்கமாக ஒரு தவணை இரண்டு சொட்டு, அதாவது ஏறத்தாழ 0.1 மில்லி. நீண்டகாலச் சேமிப்புக்கு மைனஸ் 20 டிகிரி. கொடுக்கும் இடத்தில் 2 முதல் 8 டிகிரி. குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் வெப்பக் காட்டியில், வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வெளிர் நிறமாக இருந்தால் பயன்படுத்தலாம். சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை எட்டினாலோ அதைவிடக் கருத்தாலோ அதை ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் குப்பியின் தொகுதி எண், காட்டியின் நிலை, கொடுத்த நாள், குழந்தை உடனே துப்பியதா, துப்பியிருந்தால் மறுபடி கொடுக்கப்பட்டதா என்பவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். தாய்ப்பாலை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் சொல்வது வழக்கமான பரிந்துரைக்கு மாறானது.

அட்டையில் உள்ள தேதிகளை நேரில் பார்த்துப் பதியுங்கள். "எல்லாம் போட்டாச்சு" என்ற வாய்மொழியை வைத்து எத்தனை தவணை என்று ஊகித்தால், பிறகு எந்தக் கணக்கும் நிற்காது. அந்த வட்டாரத்தில் முகாம் நடந்த நாட்களையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். உயிருள்ள வைரஸ் வீட்டுக்கு வீடு பரவக்கூடியது என்பதால், முகாமுக்குப் போகாத குழந்தைக்கும் அதன் தாக்கம் எட்டலாம்.

ரத்தம் எடுத்தல்

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பெற்றோருக்குப் புரியும் மொழியில் விளக்கிப் பெற்ற சம்மதமும் இல்லாமல் ஒரு துளியும் எடுக்கக் கூடாது. ஆய்வுக்காக எடுக்கும் ரத்தம் ஒரே நேரத்தில் குழந்தையின் மொத்த ரத்தத்தில் 1 விழுக்காட்டையும், நான்கு வாரங்களில் 3 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய வழிகாட்டுதலின் வரம்பு. 5 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மொத்தம் சுமார் 400 மில்லி ரத்தம் என்று கொண்டால், ஒரு முறைக்கு 4 மில்லி வரை அந்த வரம்புக்குள் வரும். உங்களுக்குத் தேவையோ 1 மில்லிதான். குதிகாலிலோ சிரை எனும் ரத்தக்குழாயிலோ எடுக்கலாம். பழகிய கை எதுவோ அதுவே சிறந்தது.

ரத்தம் உறைந்த பின் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, எதிர்ப்பொருள் இருக்கும் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரித்து, குறைந்தது இரண்டு சிறு குழாய்களில் ஊற்றி, மைனஸ் 20 டிகிரியில் உறைய வையுங்கள். ஒரு குழாய் ஆய்வகத்துக்கு. மற்றொன்று, முதலாவது தொலைந்தாலோ உருகினாலோ கைகொடுக்க. திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைப்பதைத் தவிர்க்க வேண்டும். குழாயில் குழந்தையின் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டுமே. அந்த எண்ணில் முதல் ரத்தம், இரண்டாம் ரத்தம் என்ற அடையாளமும் ஆய்வகத்தாருக்குப் புலப்படாமல் இருப்பது நல்லது. குளிர்பதன வசதி இல்லாத இடங்களில் வடிதாளில் உலர்த்திய ரத்தப் பொட்டுகளும் பயன்படும். ஆனால் மிகக் குறைந்த அளவுகளைப் பிடிப்பதில் அவை சீரத்துக்குச் சமமல்ல.

ஆய்வகத்தில் நடப்பது

இதற்கென ஏற்கப்பட்ட சோதனை முடக்கல் சோதனை. குழந்தையின் சீரம் உயிருள்ள வைரஸை முடக்குகிறதா என்று நேராகப் பார்ப்பது இது. எதிர்ப்பொருள் வைரஸின் மேல் ஒட்டுகிறதா என்று மட்டும் காட்டும் எலைசா சோதனை விரைவானது, மலிவானது. ஆனால் ஒட்டுவதெல்லாம் முடக்குவதில்லை. விலை குறைவு என்பதற்காக அதற்கு மாறிவிடாதீர்கள்.

சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, இடையூறு செய்யும் மற்றப் புரதங்களை அடக்குகிறார்கள். பிறகு 1:8, 1:16, 1:32 என்று இரட்டிப்பு இரட்டிப்பாக 1:1024 வரை நீர்க்கச் செய்து, பல குழிகள் கொண்ட தட்டில் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு குழியிலும் அளந்த வைரஸைச் சேர்க்கிறார்கள். அந்த அளவு, செல் வளர்ப்புகளில் பாதியைத் தொற்றச் செய்யப் போதுமானதைப்போல ஏறத்தாழ 100 மடங்கு. சில மணி நேரம் இரண்டையும் சேர்ந்திருக்கவிட்டு, பின் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஹெப்-2 எனும் மனித செல்களைச் சேர்த்து உடல் வெப்பநிலைக்குச் சற்றுக் குறைவான சூட்டில் 5 நாட்கள் வைக்கிறார்கள். சீரம் வைரஸை முடக்கியிருந்தால் செல்கள் பிழைத்திருக்கும். இல்லையென்றால் சிதைந்து போயிருக்கும். எந்த அளவு நீர்த்தல் வரை பாதிக் குழிகள் காப்பாற்றப்பட்டன என்பதே டைட்டர். 1:8 அல்லது அதற்கு மேல் இருந்தால் எதிர்ப்பொருள் உண்டு என்று கொள்வது உலகெங்கும் நிலைத்துவிட்ட வழக்கம். வாதத்திலிருந்து பாதுகாப்புக்கும் அதையே அடையாளமாகக் கொள்கிறார்கள்.

நீங்களே சோதனை செய்யாவிட்டாலும் ஆய்வகத்திடம் மூன்று கேள்விகளையாவது கேளுங்கள். ஒவ்வொரு நாளும் தெரிந்த டைட்டர் உள்ள ஒப்பீட்டுச் சீரம் ஓட்டப்படுகிறதா? சேர்த்த வைரஸின் அளவு அன்றே திரும்பச் சரிபார்க்கப்படுகிறதா? ஒரே குழந்தையின் இரண்டு ரத்தங்களும் ஒரே தடவையில் சோதிக்கப்படுகின்றனவா? மூன்றாவதற்கு "இல்லை" என்ற பதில் வந்தால், அங்கே அனுப்புவதை ஒரு வாரம் தள்ளிப்போட்டாவது அதைச் சரிசெய்யுங்கள். நாளுக்கு நாள் ஏற்படும் சோதனை ஊசலாட்டம் சீரமாற்றம்போல வேடமிட்டு வந்துவிடும். 2-ஆம் வகைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: அந்த வைரஸைக் கையாள்வது 2016-க்குப் பின், அது வெளியே கசியாமல் காக்கும் கடுமையான அடைப்பு விதிகளுக்கு உட்பட்டது, அதற்கான தகுதி பெற்ற ஆய்வகங்களுக்கே மாதிரிகளை அனுப்ப வேண்டும்.

தாயின் பங்கைக் கழித்தல்

இந்த வேலையின் மையம் இதுதான். எனவே ஓர் எடுத்துக்காட்டோடு நிதானமாகப் பார்ப்போம். பிறப்புத் தவணை பெறாத ஒரு குழந்தையிடம் 6-ஆம் வாரத்தில் 1-ஆம் வகைக்கு 1:128 இருந்தது. 18-ஆம் வாரத்தில் 1:64 இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் எதிர்ப்பொருள் பாதியாகிவிட்டது, மருந்து பலிக்கவில்லை என்றே தோன்றும். ஆனால் இடைப்பட்ட 84 நாட்களில் தாயின் பங்கு மூன்று முறை பாதியாகி 128-இலிருந்து 64, 32, 16 என்று இறங்கியிருக்க வேண்டும். எதிர்பார்த்தது 16, கிடைத்தது 64, அதாவது நான்கு மடங்கு. இது சீரமாற்றம். அதே குழந்தையிடம் 1:16 வந்திருந்தால், எதிர்ப்பொருள் "இருக்கிறது" என்ற பட்டியலில் அது சேர்ந்திருந்தாலும், அது முழுக்க முழுக்கத் தாய் தந்ததே. 1:32 வந்திருந்தாலும் ஏற்பதில்லை. இரட்டிப்பு என்பது தட்டில் ஒரே ஒரு படி. சோதனையின் இயல்பான ஊசலாட்டமே அவ்வளவு இருக்கும். நான்கு மடங்கு என்ற விதி அதனால்தான் வந்தது.

முதல் ரத்தத்தில் 1:8-க்கும் கீழே இருந்த குழந்தைக்கு இந்தக் கணக்கு வேண்டாம். இரண்டாவதில் 1:8-ஐத் தொட்டாலே போதும். மறுமுனையில், முதல் ரத்தம் சோதனையின் உச்ச வரம்பிலேயே இருக்க, இரண்டாவது ரத்தம் ஒரு மாதத்தில் எடுக்கப்பட்டால் நான்கு மடங்கு உயர்வைக் காட்ட இடமே இருக்காது: 1024 பாதியாகி 512; அதன் நான்கு மடங்கு 2048; தட்டோ 1024-இல் முடிகிறது. அத்தகைய சீரங்களை மேலும் நீர்த்துச் சோதிக்க வேண்டும், அல்லது பகுப்பாய்விலிருந்து விலக்கியதைத் தெளிவாக எழுத வேண்டும். பலிக்காதவர்கள் என்று அவர்களை எண்ணிவிடுவது அநியாயம்.

குடலை அளக்க விரும்பினால்

இதற்கு எளிய ரத்தச் சோதனை கிடையாது. கடைசித் தவணைக்குக் குறைந்தது நான்கு வாரம் கழித்து, குழந்தைக்கு மேலும் ஒரு தவணைச் சொட்டைக் கொடுத்து, அந்த வைரஸ் மலத்தில் வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒரு மல மாதிரி, ஏழாம் நாளில் ஒன்று. வசதி இருந்தால் 14, 28-ஆம் நாட்களிலும். கொடுப்பதற்கு முந்தைய மாதிரியை விட்டுவிடாதீர்கள், குழந்தை ஏற்கெனவே எங்கிருந்தோ தொற்றிய வைரஸை வெளியேற்றிக்கொண்டிருந்தால் அதுவே காட்டிக் கொடுக்கும். குடல் எதிர்ப்பாற்றல் உள்ள குழந்தைகளில் குறைவானவர்களே, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு வைரஸை வெளியேற்றுவார்கள். ஊசி மட்டும் பெற்ற குழந்தையின் ரத்தம் அருமையாக இருக்கும், மலத்தில் வைரஸும் தாராளமாக இருக்கும். குடலின் எதிர்ப்பாற்றல் மாதங்கள் செல்லச் செல்ல மங்குவதால், எப்போது அளந்தீர்கள் என்பதை எண்ணோடு சேர்த்தே எழுத வேண்டும்.

எண்களைப் படிப்பதும் எழுதுவதும்

வகை வாரியாக விழுக்காட்டையும் அதன் 95 விழுக்காடு நம்பிக்கை எல்லையையும் தாருங்கள். டைட்டர்களுக்குச் சராசரியைவிட இடைநிலை அளவு பொருத்தம். 1:8-க்குக் கீழும் 1:1024-க்கு மேலும் உள்ளவற்றின் உண்மையான மதிப்பு தெரியாது என்பதால் சராசரி தடுமாறும்.

எண் குறைவாக வந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். வேலூரில் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான் 1970-களின் தொடக்கத்திலேயே, வெப்பமண்டலக் குழந்தைகளிடம் சொட்டு மருந்து எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை என்று காட்டினார். 1991-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், வளரும் நாடுகளில் மூவகை மருந்தை மூன்று தவணை பெற்றவர்களில் 1-ஆம் வகைக்கு 73, 2-ஆம் வகைக்கு 90, 3-ஆம் வகைக்கு 70 விழுக்காடு என்றே சராசரி வந்தது. வளர்ந்த நாடுகளில் அது கிட்டத்தட்ட முழுமையாக இருந்தது. 2-ஆம் வகை மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு குடலைப் பிடித்துக்கொண்டதும், வயிற்றுப்போக்கும், குடலில் ஏற்கெனவே குடியிருந்த பிற வைரஸ்களும், தாயின் எதிர்ப்பொருளும் காரணங்களில் சில. ஆகவே மருந்து கொடுத்த நாளில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா என்ற ஒரு வரி உங்கள் படிவத்தில் இருந்தால், பின்னாளில் அது பெரிதும் உதவும்.

முடிவுகளைப் பெற்றோரிடம் சொல்லும் பொறுப்பும் உங்களுடையதே. 1:8-க்குக் கீழே இருக்கும் குழந்தைகளின் பட்டியலை ஆய்வகத்திடமிருந்து பெற்றவுடன் எண்களைப் பெயர்களோடு பொருத்தி, கூடுதல் தவணைக்கு அழைக்கும் கடிதத்தை அந்த வாரத்திலேயே அனுப்புங்கள். ஆய்வறிக்கை வெளியாகும் வரை அது காத்திருக்கக் கூடாது. எந்த வகைக்குக் குறைவு என்பதைப் பார்த்து, 1 அல்லது 3 என்றால் சொட்டு மருந்தும், 2 என்றால் ஊசியும் என்று கடிதத்திலேயே குறித்துவிட்டால், தடுப்பூசி மையத்தில் இருப்பவர் உங்களைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.